விரிஞ்ச டேஷ்போர்டுக்கு ஒரு வைத்தியம்!

தாத்தா வீட்டு ஷெட். தார்ப்பாயை விலக்கினா உள்ளே ஒரு பழைய கான்டெஸா. பானெட் நீளத்தைப் பார்த்ததுமே மனசுக்குள்ள ஸ்லோமோஷன்ல நடந்து வர்றீங்க. கதவைத் திறந்து ஸ்டீயரிங் பின்னாடி உக்கார்ந்து நிமிர்ந்தா... கோடை காலத்து ஏரி மாதிரி பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்குது டேஷ்போர்டு! வெடிப்புக்குள்ள மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்க்குது. மேலே ஒட்டின பிள்ளையார் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி உக்கார்ந்திருக்கார்.

என்ஜினை மெக்கானிக் பார்த்துக்குவார். பாடிக்கு டிங்கர் இருக்கார். சீட்டுக்குக் குஷன் கடை. ஆனா டேஷ்போர்டைத் தூக்கிட்டுப் போனா பெரும்பாலும் கிடைக்கிற பதில், "ரெக்சின் ஒட்டி மூடிடலாம் தம்பி!" புதுசா ஒண்ணு வாங்கலாம்னா, கான்டெஸா உற்பத்தி 2002லயே நின்னுபோச்சு. 1984ல் ஆரம்பிச்ச அந்த வரிசையில கடைசியா வந்த வண்டிகூட இன்னிக்குக் காலேஜ் படிக்கிற பலரைவிட வயசுல மூத்தது!

ஆக, உங்க கையே உங்களுக்கு உதவி. ஒரு வாரம் லீவு, கொஞ்சம் உப்புத்தாள், நிறையப் பொறுமை... இது இருந்தா போதும். ஆனா கத்தியைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. டேஷ்போர்டுக்குள்ள பஞ்சு எதுக்கு வச்சாங்க? அழகுக்கா? இல்லை பாஸ்!

சேறு தடுத்த பலகை

குதிரை வண்டிக் காலத்துல ஓட்டுறவர் கால் மேல குளம்படிச் சேறு தெறிக்காம இருக்க முன்னால ஒரு பலகை வச்சிருந்தாங்க. 'டேஷ்' என்றால் தெறிக்கிறது, 'போர்டு' என்றால் பலகை. குதிரை போய் என்ஜின் வந்த பிறகும் பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு. அந்தப் பலகை மெல்ல இரும்புத் தகடாச்சு. அதுல மீட்டர், சுவிட்ச், கூர்மையான குமிழ்கள் எல்லாம் வந்து உக்காந்துச்சு.

அந்தத் தகடுதான் வில்லன். கார் எதிலாவது மோதினா வண்டி நின்னுடும், உள்ளே இருக்கறவங்க நிக்கமாட்டாங்க. சீட் பெல்ட் இல்லாத காலம். முகம் நேரா இரும்புல போய் அடிக்கும். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் பிளாஸ்டிக் சர்ஜனாக இருந்த டாக்டர் கிளேர் ஸ்ட்ரெய்த், 1930களில் இப்படி நொறுங்கிப்போன முகங்களைத் தைத்துத் தைத்தே நொந்துபோனார். டேஷ்போர்டுக்கு மெத்தை வையுங்கள், நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்களை எடுங்கள் என்று கார் கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றார். 1948ல் வந்த டக்கர் காரில் மெத்தை வைத்த டேஷ்போர்டு இருந்தது. ஃபோர்டு கம்பெனி 1956 மாடல்களில், கேட்டவர்களுக்கு மட்டும் கூடுதல் காசுக்கு மெத்தை பொருத்திக் கொடுத்தது. 1965ல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகம், கார் மோதுவதை விட, காருக்குள் மனிதன் மோதும் 'இரண்டாவது மோதல்' பற்றி ஊரைக் கூட்டியது. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களின் உட்புறம் முகத்தையும் தலையையும் காப்பாற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

இப்ப புரியுதா? உங்க முன்னாடி வெடிச்சுக் கிடக்கறது வெறும் அலங்காரம் இல்ல. அது முகத்துக்குப் போட்ட தலையணை. அதை ரிப்பேர் பண்ணும்போது ஒரே ஒரு விதிதான். மெத்தையை மெத்தையாவே திருப்பிக் கொடுக்கணும். வெடிப்புல கல்லு மாதிரி இறுகுற பட்டியை அப்பி, மேலே பெயின்ட் அடிச்சா பார்க்க ஜோரா இருக்கும். ஆனா டாக்டர் ஸ்ட்ரெய்த் சண்டை போட்டு எடுக்க வச்ச அந்த இரும்பை நீங்க திருப்பி உள்ளே வைக்கிறீங்கன்னு அர்த்தம்!

சப்பாத்தி ஏன் அப்பளம் ஆச்சு?

கெமிஸ்ட்ரின்னு சொன்னதும் பக்கத்தைப் புரட்டிடாதீங்க. ரெண்டே நிமிஷம்.

மேல் தோல் பெரும்பாலும் பிவிசி. உங்க வீட்டு பாத்ரூம் பைப் இருக்கே, அதே ரகம். அப்புறம் எப்படித் தோல் மாதிரி மெதுமெதுன்னு இருக்கு? 'பிளாஸ்டிசைஸர்' என்கிற எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலந்து மெதுவாக்கறாங்க. பிவிசியின் நீளமான சங்கிலிகளுக்கு நடுவுல அது புகுந்துக்கிட்டு, ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிப்போக விடுது.

பிரச்னை என்னன்னா, அந்தப் பிளாஸ்டிசைஸர் சங்கிலியோட கட்டிப்போடப்படலை. சும்மா நடுவுல தங்கியிருக்கிற வாடகைக் குடித்தனம். வெயில் ஏற ஏற வீட்டைக் காலி பண்ணிடும். வெயில்ல நின்ன கார்ல கண்ணாடிக்கு உள்பக்கம் புகை படிஞ்ச மாதிரி ஒரு பிசுபிசுப்பு இருக்கும், துடைச்சா கையோட வரும். கவனிச்சிருக்கீங்களா? டேஷ்போர்டுல இருந்து கிளம்பின சரக்கும் அதுல சேர்ந்திருக்கு! ராத்திரி போட்ட மெத்துனு இருந்த சப்பாத்தி, காலையில அப்பளம் ஆகறதில்லையா? அதே கதைதான். ஈரம் போன சப்பாத்தி மாதிரி, எண்ணெய் போன பிவிசி மறுபடியும் பைப்பா மாறப் பார்க்குது.

எவ்வளவு சூடு ஏறும்? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்றை 2018ல் வெளியிட்டார்கள். கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திய கார்களில் உள்ளே காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸ். ஸ்டீயரிங் 53. டேஷ்போர்டு 69! அரிசோனா பாலைவனம்தான், ஆனா நம்ம வேலூர் வெயிலும் லேசுப்பட்டது இல்லையே.

எண்ணெய் போனா தோல் இறுகறதோட சுருங்கவும் செய்யும். ஆனா அது கீழே இருக்கிற பஞ்சோட ஒட்டியிருக்கு, ஓரமெல்லாம் இரும்புச் சட்டத்துல திருகியிருக்கு. சுருங்க இடமே இல்லை. நாள் முழுக்க ரெண்டு பக்கமும் இழுபட்டுக்கிட்டே கிடக்கும். ஒருநாள் டப்புனு விட்டுடும். எங்கே விடும்? காத்து வர்ற ஓட்டை மூலை, ஸ்க்ரூ போட்ட இடம், யாரோ ஒரு புண்ணியவான் ஸ்பீக்கருக்காகப் போட்ட ஓட்டை. இழுவிசை குவியற இடம் எதுவோ அங்கேதான் முதல் கோடு விழும். கீழே இருக்கிற பாலியூரித்தேன் பஞ்சுல மிச்சமிருக்கிற சில ரசாயனமும் பின்பக்கமா பிவிசியை அரிக்கும். மேலே வெயில், கீழே பஞ்சு... பாவம், ரெண்டு மாமியார் நடுவுல மாட்டின மருமகள்!

இதுல இருந்து ஒரு முக்கியமான விஷயம் எடுத்துக்கோங்க. வெடிப்பு என்பது நோய் இல்லை, அறிகுறி. உள்ளே இருக்கிற இழுவிசைதான் நோய். அதைத் தளர்த்தாம மேலாக மூடினா, ஒரு கோடை கூடத் தாங்காது.

கட்டைவிரல் டெஸ்ட்

எல்லா டேஷ்போர்டும் ஒரே ஜாதி இல்ல. கட்டைவிரலால அழுத்திப் பாருங்க.

டங்குனு சத்தம் வந்தா தகடு. அதுக்குத் தேவை டிங்கரிங், பெயின்ட். அமுங்கவே இல்லை, ஆனா பிளாஸ்டிக் என்றால் பின்னாலிருந்து ஒட்டு போட்டுச் சரி பண்ணணும், அது வேற வித்தை. அமுங்கி மேலே வந்தா பஞ்சு வச்ச ரகம். இந்தக் கட்டுரை அதுக்குத்தான்.

அடுத்து வெடிப்பை எண்ணுங்க. நாலஞ்சு கோடு, மத்த இடத்துல தோல் இன்னும் வளைஞ்சு கொடுக்குதா? தாராளமா நீங்களே நிரப்பிச் சரிபண்ணலாம். நகத்தால அழுத்தின இடமெல்லாம் முறுக்கு மாதிரி உடையுதா? தோல் மொத்தமா செத்துப்போச்சு. அப்ப பழைய தோலை உரிச்சு, பஞ்சைச் சீராக்கி, புதுத் தோல் போர்த்தணும். குஷன் கடை அண்ணன் கை வைக்க வேண்டிய வேலை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு குறுக்கு வழி, மேலே ஒரு பிளாஸ்டிக் மூடியை ஒட்டறது. அவசரத்துக்கு ஓகே. ஆனா ஒட்டினதைப் பின்னாடி பிரிச்சா பழைய தோலும் அதோட வந்துடும். யோசிச்சு முடிவெடுங்க.

கண்டிப்பான எச்சரிக்கை ஒண்ணு! ஏர்பேக் இருக்கிற எந்த வண்டியிலயும் இந்த வேலையை நீங்களா செய்யவே கூடாது. டேஷ்போர்டு எங்கே கிழியணும் என்பதைக் கணக்குப் போட்டு வச்சிருப்பாங்க. அதை ஒட்டி மூடினா விபரீதம்.

கழட்டற நாள்

முதல் வேலை பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டறது. பழைய வண்டியில வயரெல்லாம் மேல்தோல் உரிஞ்சு கிடக்கும். ஸ்பேனர் ஒண்ணு தப்பான இடத்துல பட்டா ஷெட்டுக்குள்ளயே தீபாவளி!

அப்புறம் செல்போனை எடுத்து போட்டோவா தள்ளுங்க. ஒவ்வொரு வயரைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, பிடுங்கின பிறகு ஒண்ணு. மாஸ்கிங் டேப்புல நம்பர் எழுதி வயர் நுனியிலயும் அது போய்ச் சேர்ற இடத்துலயும் ஒட்டுங்க. ஸ்க்ரூவை மொத்தமா டம்ளர்ல போட்டுட்டு, 'ஞாபகம் இருக்கும் மச்சி'ன்னு சொன்னவங்க யாருக்கும் கடைசி வரைக்கும் ஞாபகம் வந்ததில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை, மேலே மார்க்கர்ல பேர்.

ஸ்பீடோமீட்டருக்குப் பின்னாடி ஒரு கேபிள் வரும். அதைக் கையை விட்டுக் கழட்டின பிறகுதான் மீட்டர் பெட்டி வெளியே வரும். வரலைன்னு இழுத்தீங்க, கேபிள் காலி. பொதுவாவே ஒரு விஷயம், எந்தத் துண்டு வர மறுத்தாலும் இன்னொரு ஸ்க்ரூ எங்கேயோ ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். தேடுங்க, இழுக்காதீங்க. காலை நேரத்துக் குளிர்ல வேலை செய்யாம, கொஞ்சம் வெயில் ஏறினதும் கழட்டினா தோல் வளைஞ்சு கொடுக்கும்.

பிள்ளையாரை என்ன பண்றது? ஹேர் டிரையரை மிதமான சூட்டுல காட்டி, பசை இளகினதும் தூண்டில் நரம்பை அடியில விட்டு அறுக்கற மாதிரி இழுத்தா, தோல் பிய்யாம எழுந்து வருவார். ஸ்க்ரூ டிரைவரால நெம்பினீங்கன்னா புதுசா ஒரு வெடிப்பு வரமா கிடைக்கும்!

வெட்டினாத்தான் ஒட்டும்

இப்ப டேஷ்போர்டு மேஜை மேல. முதல்ல குளியல். இத்தனை வருஷமா பளபளன்னு இருக்கணும்னு தேய்ச்ச பாலிஷ் பலதுல சிலிகான் இருக்கும். அது மேல எந்தப் பசையும் ஒட்டாது, பெயின்ட் அடிச்சா மீன்கண்ணு மாதிரி குழி குழியா விலகிப் போகும். சோப்புத் தண்ணியும் மென்மையான பிரஷ்ஷும் வச்சு ரெண்டு மூணு தடவை கழுவி, காயவச்சு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைங்க. பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீங்க. மிச்சமிருக்கிற எண்ணெயையும் அது உறிஞ்சிடும். கழுவினது போதுமான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. தண்ணி தெளிச்சா முத்து முத்தா உருண்டு நின்னா இன்னும் பாலிஷ் மிச்சம். பரவி நனைச்சா ரெடி.

அடுத்துதான் இந்த வேலையிலயே மனசைக் கல்லாக்கிக்க வேண்டிய கட்டம். வெடிப்பைச் சின்னதாக்கணும்னு வந்தோம், ஆனா முதல்ல பெருசாக்கணும்!

வெடிப்போட ரெண்டு உதடும் மேல்நோக்கிச் சுருண்டு நிக்கும். அதை அமுக்கி ஒட்டினா பசை காய்ஞ்சதும் திரும்ப எழுந்துக்கும், ஏன்னா சுருங்கின தோலுக்கு அந்த இடத்தை நிரப்ப நீளமே பத்தாது. அதனால கூர்மையான கட்டர் எடுத்து, கோட்டோட ரெண்டு பக்கமும் மூணு நாலு மில்லிமீட்டர் அளவுக்கு, சரிவா, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி பள்ளம் வர்றபடி செத்தி எடுங்க. தூக்கிக்கிட்டு நிக்கிற பகுதி முழுசும் போகணும். கோடு முடியற நுனியில ரெண்டு மில்லிமீட்டர் டிரில் பிட்டால ஒரு குட்டி ஓட்டை. கூர்மையான நுனியிலதான் இழுவிசை குவியும். அதை வட்டமாக்கிட்டா பரவிடும், வெடிப்பு மேற்கொண்டு ஓடாது. விமானத் தகட்டுல விரிசல் கண்டாலும் இதே தந்திரத்தைப் பயன்படுத்துறது உண்டு. மெட்டீரியல்ஸ் வகுப்புல தூங்கினவங்க இப்ப எழுந்திருக்கலாம்!

பஞ்சுக்குப் பஞ்சு

பள்ளம் ரொம்ப ஆழமா இருந்தா, கேன்ல வர்ற பாலியூரித்தேன் ஃபோம். கொஞ்சமா அடிங்க, அது ரெண்டு மூணு மடங்கா உப்பும். ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, மேலே பொங்கினதைக் கத்தியால சீவி, தோல் மட்டத்துக்கு ரெண்டு மில்லிமீட்டர் கீழே இருக்கிற மாதிரி தேய்ங்க. கடையில கேட்கும்போதே காய்ஞ்சப்புறமும் அமுங்கற ரகமா கேளுங்க.

அதுக்கு மேலே ஃபில்லர். இங்கேதான் நம்ம ஆளுங்க கோட்டை விடறது. கையில கிடைச்சது எம்-சீல், டிங்கர் கடை பட்டி. தண்ணித் தொட்டிக்கு அது ராஜா, இரும்பு மட்கார்டுக்கு இது ராணி. டேஷ்போர்டுக்கு ரெண்டுமே ஆகாது. ஏன்னு ஆரம்பத்துலயே பார்த்தோம், முகத்துக்கு முன்னாடி கல்லு வேண்டாம். இன்னொரு காரணமும் இருக்கு. சூட்டுல சுத்தி இருக்கிற தோல் விரியும், குளிர்ல சுருங்கும், கல்லு மாதிரி இறுகினது கூடவே அசையாது. ரெண்டும் சேர்ற ஓரத்துல புதுக்கோடு ரெடி. பெயின்ட் கடையில பிளாஸ்டிக் பம்பருக்குன்னே வளைஞ்சு கொடுக்கிற, ரெண்டு டியூப்பா வர்ற ஃபில்லர் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்குங்க. ஒரு சின்ன பாலித்தீன் ஷீட்டுல பூசிக் காய வச்சு, உரிச்சு வளைச்சுப் பாருங்க. உடையாம வளைஞ்சா அதுதான் உங்க ஆளு.

ஒரே மூச்சுல ரொப்பாதீங்க. மெல்லிசா ஒரு பூச்சு, காயல், தேய்ப்பு. மறுபடி ஒண்ணு. உப்புத்தாள் 80ஆம் நம்பர்ல ஆரம்பிச்சு 180, அப்புறம் 320. தாளை வெறும் கையால பிடிக்காம ஒரு சின்ன ரப்பர் கட்டையில சுத்திக்கிட்டா விரல் பள்ளம் விழாது. கண்ணை நம்பாதீங்க. கண்ணை மூடி விரலால தடவிப் பாருங்க. ஃபில்லர் எங்கே முடியுது, பழைய தோல் எங்கே ஆரம்பிக்குதுன்னு விரலுக்குத் தெரியக் கூடாது.

ஜாக்கிரதை: ஃபோம், ஃபில்லர், பெயின்ட் மூணும் ஜன்னல் திறந்த இடத்துல, கையுறை போட்டுக்கிட்டுத்தான். ஃபோம், பெயின்ட் வாடைக்குத் துணி மாஸ்க் பத்தாது, ஆவியை வடிகட்டுற மாஸ்க் வேணும். பக்கத்துல அடுப்பு, சிகரெட் கூடாது. ஹீட் கன்னை ஒரே இடத்துல பிடிச்சா பிவிசி கருகி ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கெமிஸ்ட்ரி லேப்ல மூக்கை எரிச்சது ஞாபகம் இருக்கா? அதேதான்.

தோலுக்கு ரேகை

தேய்ச்சு முடிச்ச இடம் வழவழன்னு இருக்கும். ஆனா சுத்தி இருக்கிற தோல்ல ஆட்டுத்தோல் மாதிரி வரிவரியா ஒரு ரேகை ஓடுமே! அப்படியே பெயின்ட் அடிச்சா, தழும்பு மாதிரி தனியா தெரியும்.

இதுக்கு ஒரு ரசமான வித்தை இருக்கு. டேஷ்போர்டுலயே வெயில் படாத, வெடிக்காத ஒரு மூலையைத் தேடுங்க. அங்கே ஒட்டாம இருக்க மெழுகு தடவி, அச்சு எடுக்கிற சிலிகான் ரப்பரைப் பூசுங்க. காய்ஞ்சதும் உரிச்சா, ரேகையோட எதிர் அச்சு கையில! கடைசிப் பூச்சு ஃபில்லர் முழுசா இறுகறதுக்கு முன்னாடி, இந்த அச்சை மேலே வச்சு ஒரே சீரா அழுத்தி எடுங்க. அச்சு எடுத்த மூலையில மெழுகு, சிலிகான் மிச்சம் இல்லாம மறுபடியும் ஆல்கஹால் போட்டுத் துடைக்கிறதை மறக்காதீங்க. முதல் தடவையே வராது. அதனால ஒரு பழைய பிளாஸ்டிக் துண்டுல நாலு தடவை பயிற்சி எடுத்துட்டு வாங்க.

பெயின்ட்டுக்கு முன்னாடி பிளாஸ்டிக்குக்குப் பிடிமானம் கொடுக்கிற பிரைமர். அப்புறம் வினைலுக்குன்னே வர்ற, வளைஞ்சா வெடிக்காத பெயின்ட். ஒரே தடவையில மூடணும்னு அடிச்சா, நீங்க உழைச்சுக் கொண்டுவந்த ரேகையெல்லாம் பெயின்ட்ல மூழ்கிடும். மூணு நாலு மெல்லிசு கோட்டிங் போதும். விரிசல் இருந்த இடத்துக்கு மட்டும் அடிக்காம முழு டேஷ்போர்டுக்கும் அடிங்க. முப்பது வருஷ வெயில்ல வெளுத்த கறுப்பும் இன்னிக்கு வாங்கின கறுப்பும் ஒண்ணா இருக்காது.

பளபளப்பா, மேட்டா? சந்தேகமே வேண்டாம், மேட். பளபளக்கிற டேஷ்போர்டு உச்சி வெயில்ல முன்கண்ணாடியில பிரதிபலிக்கும். ரோட்டுக்கு நடுவுல ஒரு பாட்டி குறுக்கே வந்தா, உங்களுக்குப் பாட்டி தெரியமாட்டாங்க, உங்க பெயின்ட்தான் தெரியும்!

மறுபடி பொருத்தும்போது

ஒரு வாரம் காய விடுங்க. போட்டோவைப் பார்த்துப் பின்னாடியிலிருந்து முன்னாடியா வேலையைத் திருப்புங்க. எல்லா ஸ்க்ரூவையும் பாதி முடுக்கி உக்கார வச்சிட்டு, அப்புறம் ஒவ்வொண்ணா இறுக்குங்க. 'கிச்'சுனு இறுகினதும் நிறுத்திடணும். இன்னொரு சுத்து சுத்தினா வெயில்ல விரிஞ்சு சுருங்க இடம் இருக்காது. வெடிப்பு பிறந்த இடமே ஸ்க்ரூ ஓட்டைதானே!

அப்புறம் பராமரிப்பு. நிழல்ல நிறுத்துங்க. முடியாத இடத்துல கண்ணாடிக்கு உள்ளே ஒரு வெயில் மறைப்பு. எண்ணெய் பிசுக்கு பாலிஷுக்குப் பதில், தண்ணி அடிப்படையிலான, புற ஊதாக் கதிர் தடுக்கிற ரகம். திரவ சென்ட் பாட்டிலை டேஷ்போர்டு மேல வைக்காதீங்க. அது கசிஞ்சா வினைலைத் தின்னுடும். பிள்ளையார்? தாராளமா வரட்டும். ஆனா நேரா ஒட்டாம, அடியில ஒரு சின்ன ரப்பர் பாய் போட்டு உக்கார வைங்க.

எதை விட்டுவைக்கிறது?

ஒரே ஒரு விஷயம் பாக்கி. நம்ம நாட்டுல 2021ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, அசல் உருவம் மாறாம இருக்கிற வண்டிக்கு 'வின்டேஜ்' அந்தஸ்தும் நடுவுல 'விஏ' எழுத்து வர்ற நம்பர் பிளேட்டும் கிடைக்கும். 1984ல் பதிவான கான்டெஸாவுக்கே அந்த யோகம் 2034லதான். உங்க வண்டி அதுவரைக்கும் அசலா நிக்கணும்னா, இப்ப ஸ்டைலுக்காகப் புது டேஷ்போர்டை வெட்டி ஒட்டி, டச் ஸ்க்ரீனுக்கு இடம் பண்ணாதீங்க. கழட்டின பழைய குமிழ், உடைஞ்ச மூடி, எதையும் குப்பைக்குப் போடாம ஒரு பெட்டியில போட்டு வைங்க.

கழட்டறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் பண்ணுங்க. தாத்தாவை, இல்லைன்னா அப்பாவை, அந்தப் பக்கத்து சீட்டுல உக்கார வச்சு ஒவ்வொரு தழும்பையும் காட்டிக் கேளுங்க. இந்த ஓட்டை எப்போ? இந்தக் கறை எப்படி? ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் இறங்கின கறையா இருக்கும். சின்ன வயசுல நீங்களே சாவியால கிறுக்கின கோடாக்கூட இருக்கும். அதுல எதை அழிக்கணும், எதை விட்டுவைக்கணும்னு முடிவெடுக்கிற உரிமை அந்த வண்டியை ஓட்டினவருக்கு உண்டு. கிறுக்கினதை விட்டுடச் சொன்னா, விட்டுடுங்க. அது விரிசல் இல்லை, ஓடிப்போகாது.

வேலை முடிஞ்ச அன்னிக்கு அவரையே முதல்ல ஓட்டச் சொல்லுங்க. சாவியைத் திருகறதுக்கு முன்னாடி அவர் கை தானா டேஷ்போர்டைத் தடவும். விரல் எங்கேயும் தடுக்காம ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் போய், நடுவுல கட்டைவிரல் ஒரு அமுக்கு அமுக்கி, அது மெத்துனு மேலே எழுந்து வந்தா...

பாஸ், நீங்க பாஸ்!